முப்பது சென்டிமீட்டர்

இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழும் எதுவும் தரையைத் தொடும் கணத்தில் நொடிக்குச் சுமார் 6.3 மீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருக்கும். கல் என்றாலும் ஆள் என்றாலும் இதில் பாரபட்சம் கிடையாது. மோட்டோகிராஸ் களத்தில் மேட்டிலிருந்து கிளம்பிப் பறக்கும் ஒரு டர்ட் பைக்கும் அதன்மேல் இருக்கும் ஆளும் சேர்ந்து 185 கிலோ என்று வைத்துக்கொள்வோம்: பைக் 110, ஆள் 75. தரையைத் தொடும்போது இருவரும் சேர்ந்து சுமந்துவரும் ஆற்றல் ஏறக்குறைய 3,600 ஜூல். இதை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது? சாலையே இல்லாத இடத்தில் ஓடும் பைக்கை வடிவமைப்பவர், பராமரிப்பவர், ஓட்டுபவர் மூவருக்கும் முதல் கேள்வி இதுதான். எஞ்சின் எத்தனை சிசி என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

விழுந்த உயரத்தை, நின்றுமுடிக்க எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுத்துப் பாருங்கள். புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் எத்தனை மடங்கு கடுமையாக நாம் நிறுத்தப்படுகிறோம் என்பதன் சராசரி கிடைத்துவிடும். பத்து சென்டிமீட்டருக்குள் நின்றால் 20 மடங்கு. முப்பது சென்டிமீட்டரில் நின்றால் ஏழு மடங்குக்கும் கீழே. முதல் கணக்கில் கணுக்காலுக்கும் முதுகெலும்புக்கும் உத்தரவாதம் இல்லை. இரண்டாவதில் மூச்சை ஒருமுறை விட்டுவிட்டு அடுத்த வளைவுக்குத் திரும்பிவிடலாம். களங்களில் மேட்டின் மறுபக்கத்தைச் சரிவாக வெட்டி வைப்பதும் இதற்காகத்தான். சரிவில் இறங்கும்போது, சரிவுக்குச் செங்குத்தான திசையில் வரும் வேகத்தை மட்டும் பைக் விழுங்கினால் போதும்; மிச்ச வேகம் முன்னோக்கி ஓடிவிடும். தட்டையான தரையில் இறங்கினால் முழுவதையும் விழுங்கியாக வேண்டும்.

1970களின் தொடக்கத்தில் ஐரோப்பிய மோட்டோகிராஸ் பைக்குகளின் பின்சக்கரம் மேலும் கீழும் அசைய இருந்த இடம் பத்து சென்டிமீட்டரை ஒட்டித்தான். சக்கரத்தின் இருபுறமும் பக்கத்துக்கொன்றாக இரண்டு ஷாக் அப்சார்பர்கள் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். சக்கரம் எவ்வளவு அசைகிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவு ஷாக்கின் தண்டும் உள்ளே போய்வர வேண்டும். கூடுதல் அசைவு வேண்டுமென்றால் ஷாக் நீள வேண்டும். நீண்டால் அதை வைக்க இடமில்லை. பெல்ஜியப் பொறியாளர் லூசியன் டில்கென்ஸ் ஷாக்கைப் படுக்க வைத்தார். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையான ஸ்விங் ஆர்மை முக்கோணமாகக் கட்டினார்; அதன் உச்சியிலிருந்து பெட்ரோல் டேங்குக்கு அடியில் முன்னோக்கி நீளும் ஒரே ஒரு ஷாக். இந்த வடிவமைப்பை யமஹா வாங்கியது. 1973இல் இதைப் பொருத்திய யமஹாவில் ஸ்வீடன் வீரர் ஹோகன் ஆண்டர்சன் 250 சிசி உலகப் பட்டத்தை வென்றார். அதன் பிறகு எல்லா நிறுவனங்களும் அளவுகோலும் கையுமாக அலைந்தன. பத்தாண்டுக்குள் பின்சக்கரத்தின் அசைவு முப்பது சென்டிமீட்டரைத் தொட்டுவிட்டது.

தொட்டு அங்கேயே நின்றுவிட்டது என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் பிடித்த பகுதி. எஞ்சின், ஃபிரேம், பிரேக் எல்லாம் மாறிவிட்டன. ஆனால் இன்றைய பந்தய பைக்கின் அசைவும் அதே 300 மில்லிமீட்டர் சுற்றுவட்டாரம்தான். காரணம் அந்த வகுத்தல் கணக்கிலேயே இருக்கிறது. பத்திலிருந்து இருபதுக்குப் போனபோது 20 மடங்கு பத்தாகக் குறைந்தது. முப்பதிலிருந்து நாற்பதுக்குப் போனால் ஆறே முக்கால் ஐந்தாகும், அவ்வளவுதான். அந்தச் சிறு லாபத்துக்கு இருக்கை இன்னும் பத்து சென்டிமீட்டர் உயர வேண்டும். ஏற்கெனவே இருக்கை ஏறக்குறைய 95 சென்டிமீட்டரில் இருக்கிறது. சராசரி உயரமுள்ள ஆளின் கால்விரல் நுனிதான் தரையைத் தொடும். எடையின் மையம் மேலேறினால் பிரேக் பிடிக்கும்போது மூக்கு குத்தும், வளைவில் தடுமாறும்.

நீளத்தில் போட்டி முடிந்ததும் அது எண்ணெய்க்குள் நுழைந்தது. ஸ்பிரிங் ஆற்றலைச் சேமிக்கும். சேமித்ததை மறுகணமே அப்படியே திருப்பித் தரும். ஸ்பிரிங் மட்டும் இருந்தால், இறங்கிய பைக் ஓட்டுபவரை மறுபடி ஆகாயத்துக்கு அனுப்பிவிடும். ஆற்றலை வாங்கித் திருப்பித் தராமல் தீர்த்துக்கட்டுவது ஷாக்குக்குள் இருக்கும் எண்ணெய். பிஸ்டன் ஒன்று எண்ணெய்க்குள் நகர, எண்ணெய் சிறு துளைகள் வழியே பிதுங்கி மறுபக்கம் போகும். அந்தப் பிதுங்கலில்தான் இயக்கம் வெப்பமாகிறது. ஊசி போடும் சிரிஞ்சை மெதுவாக அழுத்தினால் தண்ணீர் சமர்த்தாக வெளியேறுவதையும், சட்டென்று அழுத்தினால் எதிர்த்து நிற்பதையும் பார்த்திருப்பீர்கள். ஷாக்கிலும் எதிர்ப்பு வேகத்தைப் பொறுத்தது. ஆனால் துளையை மட்டும் நம்பினால் பெரிய அடியில் எதிர்ப்பு எகிறிப்போய் ஷாக் இரும்புத் தடியாகிவிடும். அதனால் துளைகளின்மேல் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை தடிமனுள்ள எஃகு வளையங்களை அடுக்கி மூடியிருப்பார்கள். ஷிம் என்று பெயர். அடி பலமாக விழுந்தால் இந்த வளையங்கள் வளைந்து வழிவிடும். சஸ்பென்ஷன் மெக்கானிக்கின் கைத்திறன் இந்த அடுக்கில் எந்த வளையத்தை எடுத்து எதைச் செருகுகிறார் என்பதில்தான் இருக்கிறது.

வெப்பத்துக்கு ஒரு கணக்கு போடலாம். நம் 3,600 ஜூலில் பாதி பின் ஷாக்குக்குப் போகிறது என்று கொள்வோம். உள்ளே இருப்பது கால் கிலோ எண்ணெய் என்றால், ஒரே ஒரு தட்டையான தரையிறக்கம் அதை மூன்று நான்கு டிகிரி சூடாக்கும். ஒரு சுற்றில் இப்படிப் பத்துப் பதினைந்து மேடுகள், நடுவே நூற்றுக்கணக்கில் சிறு குழிகள். வெப்பம் வெளியேறுவதற்குள் அடுத்தது வந்துவிடும். சூடான எண்ணெய் நீர்த்துப்போகும், எதிர்ப்பு தளரும். அழுத்தம் குறையும் இடத்தில் எண்ணெயில் குமிழ் கட்டிவிட்டால் ஷாக் காற்றைத்தான் பிதுக்கிக்கொண்டிருக்கும். இதைத் தடுக்கவே ஷாக்கின் ஓரத்தில் ஒரு சிறு உருளை, அதில் சுமார் பத்து பார் அழுத்தத்தில் நைட்ரஜன். ஸ்வீடனின் கென்த் ஊலின் 1976இல் தொடங்கிய நிறுவனம் இந்த எண்ணெய்க் கலையில்தான் பெயரெடுத்தது. இரண்டே ஆண்டில், 1978இல், அவர்களது ஷாக் பொருத்திய கேடிஎம்மில் சோவியத் வீரர் கென்னடி மொய்சேயெவ் 250 சிசி உலகப் பட்டம் வென்றார்.

அழுந்தும்போது ஒரு தடை, விரியும்போது ஒரு தடை. இரண்டுக்கும் தனித்தனித் திருகு உண்டு. திருகை முழுதாக மூடிவிட்டு அங்கிருந்து எத்தனை கிளிக் திறந்திருக்கிறது என்று எண்ணுவதுதான் முறை. மாற்றுவதற்கு முன் பழைய எண்ணை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. விரிவதை அதிகமாகத் தடுத்து வைத்தால் ஒரு விநோதம் நடக்கும். வரிசையாகக் குழிகள் வரும்போது, முதல் குழியில் அழுந்திய சக்கரம் முழுதாக விரிவதற்குள் இரண்டாவது அடி விழும், பிறகு மூன்றாவது. நாலைந்து குழி தாண்டுவதற்குள் முப்பது சென்டிமீட்டரில் பத்துகூட மிஞ்சியிருக்காது. ஓட்டுபவரோ, ‘ஷாக் கல்லாட்டம் இருக்கிறது’ என்று அழுந்தும் திருகைத் தளர்த்துவார். இன்னும் மோசமாகும்.

திருகைத் தொடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. டேப் ஒன்றும் கூட இரண்டு பேரும் போதும். பைக்கை ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரத்தை அந்தரத்தில் விட்டு, சக்கர அச்சிலிருந்து நேர்மேலே மட்கார்டில் ஒரு புள்ளி வரை அளக்க வேண்டும். 600 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிறகு பைக்கை இறக்கி, ஹெல்மெட், பூட்ஸ் உட்பட முழு உடுப்போடு ஏறி அமர்ந்து, ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடிக்க, மற்றவர் அதே இடத்தை அளக்க வேண்டும். 500 வந்தால் பைக் 100 மில்லிமீட்டர் அமிழ்ந்திருக்கிறது. மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு. அதுதான் வேண்டியது. குழி வரும்போது சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தேட அந்த ஒரு பங்கு; மேடு வரும்போது மேலேற மிச்ச இரண்டு பங்கு. கூடவோ குறையவோ இருந்தால் ஸ்பிரிங்கின் தலையில் இருக்கும் வளையத்தை இறுக்கியோ தளர்த்தியோ 100க்குக் கொண்டுவரலாம்.

இங்கேதான் பலர் எழுந்து போய்விடுகிறார்கள். மூன்றாவது அளவு பாக்கி இருக்கிறது: ஆள் இறங்கிய பிறகு, பைக் தன் எடைக்கு மட்டும் எவ்வளவு அமிழ்கிறது? 30 முதல் 40 மில்லிமீட்டர் என்றால் சரி. வெறும் 15தான் என்றால் ஸ்பிரிங் விறைப்பு என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மை நேர்மாறு. ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மெலிந்தது. 100ஐ எட்டுவதற்காக நீங்கள் வளையத்தை இறுக்கு இறுக்கென்று இறுக்கியிருக்கிறீர்கள். அந்த முன்னழுத்தம்தான் வெறும் பைக்கை அமிழவிடாமல் தூக்கிப் பிடிக்கிறது. ஆழத்துக்குப் போகப் போக அந்த மெலிந்த ஸ்பிரிங்கின் விசை போதுமான அளவு ஏறாது. பெரிய மேட்டில் கடைசி வரை அழுந்தி ‘டங்’ என்று இடிக்கும். மெலிந்த ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கினாலும் அது தடித்த ஸ்பிரிங் ஆகாது. உங்கள் எடைக்கானதை வாங்கித்தான் போட வேண்டும்.

பைக் வாங்கிய கையோடு சைலன்சரை மாற்ற ஓடுபவர்களிடம் நான் சொல்வதும் இதைத்தான். பந்தய பைக்குகளின் ஸ்பிரிங்கைத் தயாரிப்பாளர் 70, 80 கிலோ ஆளை மனதில் வைத்துப் போட்டிருப்பார். நீங்கள் 55 கிலோவோ 95 கிலோவோ என்றால், அந்த பைக் வேறொருவருக்காகத் தைத்தது. சைலன்சர் தரும் இரண்டு குதிரைத்திறனை நேர்ப்பாதையில் உணர்வதற்குள் அடுத்த குழி வந்துவிடும். சரியான ஸ்பிரிங்கோ ஒவ்வொரு குழியிலும் வேலை செய்யும். அசைவின் கணக்கை நம் ஊரில் எட்டும் விலையில் பார்க்க ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 இருக்கிறது. 2019இல் வந்தபோது முன்னால் 190, பின்னால் 170 மில்லிமீட்டர் அசைவு. 2022இல் வந்த ராலி எடிஷனில் அது 250, 220. அதே இரண்டு மீட்டர் வீழ்ச்சிக்குப் பின்பக்கக் கணக்கு 12 மடங்கிலிருந்து ஒன்பதாக இறங்குகிறது (அந்த பைக்கை யாரும் இரண்டு மீட்டரிலிருந்து தட்டையாக இறக்கிப் பார்க்க வேண்டாம்). விலை, இருக்கை ஏறிய ஆறு சென்டிமீட்டர் உயரம். நம்பர் பிளேட் மாட்டிச் சாலையில் ஓட்டும் வண்டியில் கைவைப்பதானால் சட்டமும் இருக்கிறது: தயாரிப்பாளரின் அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. களத்தில் மட்டும் ஓடும் பைக்குக்கு இந்தக் கவலை இல்லை.

முப்பது சென்டிமீட்டர் சும்மா கிடைப்பதில்லை. செயினைப் பாருங்கள். முன் ஸ்பிராக்கெட்டின் மையம், ஸ்விங் ஆர்ம் சுழலும் போல்ட், பின் அச்சு ஆகிய மூன்றும் சாதாரண நிலையில் ஒரு முக்கோணமாக நிற்கும். சக்கரம் மேலேறும்போது ஓரிடத்தில் மூன்றும் ஒரே கோட்டில் வரும். அந்தக் கணத்தில்தான் இரு ஸ்பிராக்கெட்டுகளுக்கும் இடையே தூரம் அதிகம். செயின் இறுக்கமும் உச்சம். சாலை பைக்கில் சக்கரம் அதிகம் அசையாது என்பதால் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் தொய்வு போதும். மோட்டோகிராஸ் பைக்கில் ஐந்து, ஆறு சென்டிமீட்டர் தொங்க வேண்டும். பார்க்கச் செயின் கழன்றுவிடும்போல இருக்கும். ‘லூஸா இருக்கு தம்பி’ என்று இறுக்கிக் கொடுக்கும் நல்ல மனசுள்ள மெக்கானிக், தன்னை அறியாமல் கியர்பாக்ஸ் வெளித்தண்டின் பேரிங்கை உடைக்கும் வேலையைத் தொடங்கி வைக்கிறார். செயினோடு இருக்கும்போதே: மலிவான மாற்றம் வேண்டுமென்றால் முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைத்துப் பாருங்கள். 13க்கு 48 என்றிருப்பதை 12 ஆக்கினால், பின்னால் நாலு பல் கூட்டி 52 ஆக்கியதற்குச் சமம். மணலிலும் ஏற்றத்திலும் வித்தியாசம் தெரியும். சிறிய பல்சக்கரத்தில் செயின் கூர்மையாக மடங்குவதால் தேய்மானம் கூடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாய் ஒவ்வொரு குழியிலும் சேற்றையும் தூசியையும் துடைத்துக்கொண்டு உள்ளே போய் வருகிறது. நடுவே காவல் ஒரு ரப்பர் சீல்தான். ஒரு மணல்மணி சீலின் உதட்டில் சிக்கினால் எண்ணெய் கசியும். கசிந்தது வழிந்து பிரேக் டிஸ்க்குக்குப் போகும். உடனே சீலை மாற்றாமல், பழைய கேமரா பிலிம் துண்டு ஒன்றைச் சீலுக்கும் குழாய்க்கும் நடுவே செருகிச் சுற்றி வந்தால் பலமுறை அந்த மணல் வெளியே வந்து கசிவு நின்றுவிடும். பிலிம் கிடைக்காத இந்தக் காலத்தில் அதே தடிமனில் பிளாஸ்டிக் தகடு விற்கிறார்கள். பின்னால், ஷாக்கையும் ஸ்விங் ஆர்மையும் இணைக்கும் மூட்டுகளில் ஊசி பேரிங்குகள் இருக்கின்றன. வாட்டர் சர்வீஸில் பீய்ச்சும் தண்ணீர் அந்த மூட்டுகளின் சீலைத் தாண்டிக் கிரீஸை வெளியே தள்ளிவிட்டுத் தான் குடியேறும். வெளியே பளிச்சென்று இருக்கும் பைக்கை ஆறு மாதம் கழித்துப் பிரித்தால் உள்ளே செம்மண் நிறத்தில் துரு. சேற்றைக் குழாய்த் தண்ணீரில் ஊறவைத்துக் கையால் கழுவுவது நேரம் பிடிக்கும் வேலை. ஆனால் அதுதான் சரி.

தூசியின் பெரிய இலக்கு எஞ்சின். 250 சிசி நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 10,000 முறை சுழல்கிறது என்றால் 5,000 முறை மூச்சிழுக்கிறது. சிலிண்டர் முழுதும் நிரம்புவதாகக் கொண்டால் நிமிடத்துக்கு 1,250 லிட்டர் காற்று, அதுவும் முன்னால் போகும் பைக் கிளப்பிய புழுதியிலிருந்து. புழுதியில் கணிசம் குவார்ட்ஸ். மோஸ் அளவையில் அதன் கடினம் 7. அலுமினியம் மூன்றைக்கூடத் தொடாது. ஃபில்டரில் விளிம்பு சரியாக உட்காராமல் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், பிஸ்டனும் ரிங்கும் அரைபட்டுவிடும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் இன்னும் மோசம்: காற்று முதலில் கிராங்க் அறைக்குள் போய்த்தான் மேலே ஏறுகிறது, எனவே அங்குள்ள பேரிங்குகளும் அதே மணலைத் தின்னும். டர்ட் பைக் ஃபில்டர் நுரை ரப்பரால் ஆனது. அதில் தடவும் பிசுபிசுப்பான எண்ணெய்தான் தூசியைப் பிடிக்கிறது. எண்ணெய் தடவாத நுரை, ஃபில்டரே இல்லாததற்கு அடுத்தபடி. புழுதியில் ஓட்டிய ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவ வேண்டும், பெட்ரோலில் கூடாது. நுரையை ஒட்டியிருக்கும் பசை கரைந்து தையல் பிரிந்துவிடும். கழற்றியதும் எஞ்சினின் வாயைச் சுத்தமான துணியால் மூடிவிடுங்கள். பந்தய பைக்குகளின் கையேட்டில் எஞ்சின் ஆயில், பிஸ்டன் எல்லாவற்றுக்கும் ஆயுள் மணிக்கணக்கில்தான் எழுதியிருக்கும். கிலோமீட்டர் கணக்கு இங்கே எடுபடாது.

டயரும் ஒரு சஸ்பென்ஷன்தான், மிக வேகமாக வேலை செய்யும் சஸ்பென்ஷன். சாலையில் 28, 30 பிஎஸ்ஐ வைக்கும் இடத்தில் இங்கே 12 முதல் 15. அழுத்தம் பாதியானால் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய இரட்டிக்கும். ஆனால் காற்று குறைந்த டயர் ரிம்மில் வழுக்கிச் சுழன்று டியூபின் வால்வைப் பிய்த்துவிடும் என்பதால் டயரைக் கவ்விப் பிடிக்க ரிம் லாக் வேண்டும். பாலைவன ராலிகளில் டியூபையே விட்டுவிட்டு டயருக்குள் நுரை வளையம் திணிப்பார்கள். கல் குத்தினாலும் காற்றுப் போக அங்கே காற்றே இல்லை. அப்படியொரு ராலியான டக்காரில் ஓசூர் டிவிஎஸ் பிரான்சின் ஷெர்கோவோடு சேர்ந்து 2015இல் இறங்கியது. அந்த அணியில் கேரளத்தின் ஹரித் நோவா 2024இல் ராலி 2 பிரிவில் முதலிடம் பிடித்தார்.

எல்லாம் பூட்டியாயிற்று, ஏறி ஓட்டலாம். 185 கிலோவில் 75 நீங்கள்தான், ஐந்தில் இரண்டு பங்கு. உட்கார்ந்திருந்தால் அந்த 75ஐயும் ஷாக்தான் சுமக்கும். ஃபுட்ரெஸ்டில் முட்டியை மடக்கி நின்றால் உங்கள் எடையை உங்கள் காலே விழுங்கும்; அதற்கும் ஒரு முப்பது சென்டிமீட்டர் அசைவு உண்டு. நின்றால் எடையின் மையம் தாழ்கிறது என்று பயிற்சி தருபவர்களே சொல்வதுண்டு. அது தவறு. நின்றால் உடல் உயர்கிறது, மையமும் உயரத்தான் செய்யும். நடப்பது வேறு: பைக்கும் உடலும் தனித்தனியாகிவிடுகின்றன. கல்லில் பட்டுப் பைக் இடதுபுறம் துள்ளினால் 110 கிலோ மட்டும் துள்ளும். மேலே 75 கிலோ தன் பாதையிலேயே போகும். அதற்காகத்தான் முட்டியால் டேங்கைக் கவ்வுவதும் கையைத் தளர விடுவதும். கை இறுகினால் முன்சக்கரம் வாங்கும் ஒவ்வொரு அடியும் தோளுக்கு வந்துவிடும்.

இரு சக்கரமும் தரையை விட்டபின் சஸ்பென்ஷனுக்கு வேலையே இல்லை. அப்போதும் ஓட்டுபவர் கையில் ஒன்று மிச்சமிருக்கிறது: சுழலும் பின்சக்கரம். அந்தரத்தில் பைக்கைத் திருப்ப வெளியே பிடிமானம் ஏதும் கிடையாது, ஆகவே மொத்தச் சுழற்சியின் அளவு மாறாது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் சக்கரம் முன்னோக்கி இன்னும் வேகமாகச் சுழலும். அதை ஈடுகட்டப் பைக்கின் உடல் எதிர்த்திசையில் திரும்பும், மூக்கு மேலெழும். பின் பிரேக்கைத் தட்டினால் சக்கரம் விட்டுக்கொடுத்த சுழற்சியை உடல் வாங்கிக்கொள்ளும், மூக்கு தாழும். மேட்டின் உதட்டில் பயந்து ஆக்சிலேட்டரை மூடியவர்களின் பைக் மூக்கு குத்திப் பறக்கும். பறக்கும்போதே முறுக்கினால் ஓரளவு நிமிர்த்திவிடலாம். பிரேக்குக்கு எல்லை உண்டு: சக்கரம் முழுதாக நின்றுவிட்டால் அதனிடம் கொடுக்க வேறொன்றும் இல்லை. பிரேக் தட்டும்போது கிளட்சைப் பிடித்தாக வேண்டும். மறந்தால் சக்கரத்தோடு எஞ்சினும் அணைந்துவிடும், நின்றுபோன சக்கரத்தோடு தரையைத் தொடும் பைக் முன்னால் இழுத்துத் தள்ளும். பின்சக்கரம் முதலில் தொடும்படி, தொடுவதற்குச் சற்று முன்பே ஆக்சிலேட்டரைத் திறந்து, சக்கரத்தைத் தரையின் வேகத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.